ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

ஜூன் 2, திங்கள் காலை

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நான் கிடங்குக் காவல் முடிந்து வரும்போது நீ ரயிலில், நீ வரும்போது நான் கிடங்கில். கிடங்கு வாசலிலேயே என் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ரயிலில் உனக்கோ கையைத் தூக்கவே இடமில்லை. அதனால் இனி டீத்தூள் டப்பாவுக்கு அடியில் கடிதம். ராஜாக்களே இப்படித்தான் ராஜ்ஜியம் நடத்தினார்கள்.

வீடு எப்படி? பட்டணத்தில் நாம் இருந்த ஒற்றை அறைக்குக் கொடுத்ததில் பாதி வாடகை. இங்கே ரெண்டு படுக்கையறை, பால்கனி. பால்கனியில் நின்றால் கடல் காற்று வருகிறது. கடல் எங்கே என்று கேட்காதே, காற்றுக்கு வழி தெரியும்.

ரயிலைப் பற்றிக் கவலை வேண்டாம். எக்ஸ்பிரஸ் இங்கே நிற்கப்போகிறது. ஸ்டேஷன் மாஸ்டரே என் தோளில் கை போட்டுச் சொன்னார். அப்புறம் என்ன, கண்ணை மூடித் திறந்தால் பட்டணம்!

உன் சித்தப்பா
(கிடங்குப் பாதுகாப்புத் தலைமை அதிகாரி)


ஜூன் 5, வியாழன் இரவு

அன்புள்ள சித்தப்பா,

டீத்தூள் தீர்ந்துவிட்டது. அதையும் எழுதியிருக்கலாம்.

எக்ஸ்பிரஸ் இன்றும் நிற்கவில்லை. எங்கள் முகத்தில் தூசியை வாரி அடித்துவிட்டுப் போனது. பின்னால் வந்த பாசஞ்சரில் ஒரு காலுக்கு இடம் கிடைத்தது. இன்னொரு காலைப் பட்டணம் வரைக்கும் யாருடைய பை மேலோ வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் உட்கார்ந்ததுமே கண் சொருகுகிறது. இன்று ஒரு தாத்தாவுக்குப் பிரசவ பில் போட்டுக் கொடுத்துவிட்டேன். "ஏம்மா, எனக்குப் பொண்ணா, பையனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை நடந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார்.

அந்தப் பால்கனியில் வெயில் விழுமா சித்தப்பா? நான் அதை இன்னும் பகலில் பார்க்கவில்லை. ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கு. மதியம் வரை என்னை எழுப்பாதீர்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மகள்


ஜூன் 6, வெள்ளி காலை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் கதவில் ஈகூட உட்காராது. சித்தப்பா வாசலில் இருக்கிறேன். நான் காவல் காக்கும் கிடங்கில் எலியே அனுமதி கேட்டுத்தான் நுழைகிறது.

பிரசவ பில் போட்டதற்கெல்லாம் மனம் உடையாதே. நீ இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரியை இழுத்து மூட வேண்டியதுதான். நேற்று டீக்கடைக்காரர், "உங்க அண்ணன் பொண்ணு எங்க வேலை பாக்குது?" என்று கேட்டார். நாம் இந்த ஊருக்குப் புதுசு, கொஞ்சம் தூக்கிப் பேசினால்தான் நாலு பேர் மதிப்பார்கள். சும்மா ரெண்டு வார்த்தை சொல்லி வைத்தேன்.

டீத்தூள் வாங்கியாயிற்று. கடையிலேயே உயர்ந்த ரகம்.

உன் சித்தப்பா
(மேற்படி)


ஜூன் 8, ஞாயிறு இரவு

சித்தப்பா,

நீங்கள் சொன்ன ரெண்டு வார்த்தை இன்று காலை ஒன்பது பேராக வந்து நம் ஹாலில் உட்கார்ந்திருந்தது.

பேச்சு சத்தத்தில் எழுந்து, தலையைக்கூட வாராமல் வந்து நிற்கிறேன். எதிர்வீட்டுத் தையற்காரர் வேட்டியை ஒதுக்கி முழங்காலைக் காட்டுகிறார். "நீ கண்ணைக் காட்டினா டாக்டர் உடனே ஆபரேஷன் பண்ணிடுவாராமே?" டிரைவிங் ஸ்கூல்காரர் கையில் மனு. "ரயில்வே மந்திரி உன் கையாலதான் ஊசி போட்டுக்குவாராம்ல? எக்ஸ்பிரஸை இங்க நிறுத்தச் சொல்லும்மா."

நான் ஊசியா போடுகிறேன் சித்தப்பா? பில்லைக்கூட ஒழுங்காகப் போடவில்லை.

நீங்களோ நடுவில் உட்கார்ந்து, "பாப்பா களைப்பா இருக்கு, ஆனா செஞ்சிடும்" என்கிறீர்கள். "நான் பில் போடுறவங்க" என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "பெரிய இடத்துக்குப் போயிட்டா இப்படித்தான்" என்று தையற்காரர் நொண்டிக்கொண்டே போனார். அந்த முகம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அப்புறம் எங்கே தூங்குவது? நாளை மறுபடி இருட்டில் கிளம்ப வேண்டும்.

மகள்


ஜூன் 9, திங்கள் காலை

அன்பு மகளுக்கு,

நான் ஊசி என்று சொல்லவே இல்லை. மாத்திரை என்றுதான் சொன்னேன். ஊசி அந்த டீக்கடையில் யாரோ சேர்த்தது. இந்த ஊரில் பொய் அதிகம்.

காவல் முடிந்ததும் மனுவை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கே போய்விட்டேன். ஸ்டேஷன் மாஸ்டருக்கு என்னைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போடவில்லை போலிருக்கிறது. "பெரியவரே, வண்டி நீளம், நம்ம பிளாட்பாரம் அதுல பாதி. நிறுத்தினா பாதிப் பேர் முள்ளுக்காட்டுலதான் இறங்கணும்" என்றார். "முள்ளை வெட்டிடுவோம் சார், அருவா நான் கொண்டாறேன்" என்றேன். மனுஷன் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அசந்துவிட்டார்.

அடுத்த மாதம் நின்றுவிடும். அதுவரை பொறுத்துக்கொள். இந்த மாதிரி வீடு பட்டணத்தில் கனவிலும் கிடைக்காது.

உன் சித்தப்பா


ஜூன் 25, புதன் இரவு

அன்புள்ள சித்தப்பா,

போன ரெண்டு ஞாயிறும் கதவைத் தட்டினார்கள். இன்று ராத்திரி தையற்காரர் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே காத்திருந்தார். அந்தக் காலோடு படியேறி வந்திருக்கிறார். அவரை நான் எப்படித் திட்டுவது?

இன்று கவுண்டரில் இன்னொரு பில் தப்பாகியிருக்கும். பக்கத்து சீட்டு அக்கா பார்த்துத் தடுத்துவிட்டார். அடுத்த தடவை அவரும் தூங்கிக்கொண்டிருந்தால் என் வேலை போய்விடும்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது. நம் வீட்டுக் குளியலறை அளவு அறை, அதில் மூன்று பேர். ஒன்றாம் தேதி போகிறேன். வாடகையில் என் பங்கு வந்துவிடும்.

நீங்கள் பார்த்துப் பார்த்துப் பிடித்த வீடு. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அதில் நான் குடியே வரவில்லை சித்தப்பா. கோபமாக எழுதவில்லை, கோபப்படத் தெம்பில்லை.

மகள்


ஜூலை 6, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியிருக்கிறது. டீத்தூள் டப்பா சும்மாவே கொண்டு சேர்த்தது.

தையற்காரரை இங்கேயே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில்தான் நின்றோம். எனக்கு அவரைத் தெரியும், இவரைத் தெரியும் என்று சொல்லவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

நீ கேட்டாயே, பால்கனியில் வெயில் விழுகிறது. காலையில் வந்து, துணி பாதி காய்வதற்குள் பக்கத்து மாடிக்குப் போய்விடுகிறது. இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வேறு வேலை இல்லை.

தெருவில் எல்லோரும் நீ எங்கே என்று கேட்டார்கள். மேல்பயிற்சிக்கு வெளிநாடு போயிருக்கிறாய், வர ஒரு வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டேன். திட்டாதே, முழுக்கப் படி. அதனால் இனி ஒருவரும் கதவைத் தட்டமாட்டார்கள். என்றைக்காவது வரத் தோன்றினால் சனிக்கிழமை இருட்டியதும் பின்சந்து வழியாக வா. ஞாயிறு மதியம் வரை தூங்கு. பால்கனிப் பக்கம் மட்டும் தலையைக் காட்டாதே, வெளிநாட்டில் இருக்கிறவள் இங்கே நின்றால் என் மானம் போய்விடும். வரத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை. உன் அறையைப் பூட்டவில்லை.

டீக்கடைக்காரர் நேற்று, "அங்க பொண்ணு எப்படி இருக்கு?" என்றார். விமானம், மாளிகை என்று என்னென்னவோ வாய் வரைக்கும் வந்தது. "நல்லா தூங்குது" என்று மட்டும் சொன்னேன். "அதுக்கா அவ்வளவு தூரம் போச்சு?" என்று சிரித்தார்.

நான் இதுவரை சொன்னதில் இந்த ஒன்றையாவது நீ உண்மையாக்கிவிடு.

உன் சித்தப்பா