சதுர அடைப்பும் வட்ட அடைப்பும்

என் கமலத்துக்கு,

என் கையால் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீ போன பிறகுதான் எழுத்துக் கற்றேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது! சிரிக்கிறாயா? இன்று மதியம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் மகள் செல்விக்கு ஓசூர் தொழிற்பேட்டையில் மிஷின்களுக்குப் புரோகிராம் எழுதும் வேலை. இப்போது எழுதியிருப்பது தகடு அழுத்தும் மிஷினுக்கு. தகடு வை, கதவு மூடு, அழுத்து, எடு. இந்த வரிசை பிசகக் கூடாது. காலையில் பிசகிவிட்டது. கதவு மூடும் முன்பே மிஷின் அழுத்தியது. ஊத்தங்கரையிலிருந்து வந்து வேலை செய்யும் முருகேசன் கையை இழுத்துக்கொண்டதால் விரல்கள் தப்பின.

நான் சாப்பாடு கொண்டுபோனபோது சூப்பர்வைசர் மஞ்சுநாத் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார். அவசரப்பட்டு அவனே கையை விட்டானாம். திங்கட்கிழமை முதல் வர வேண்டாமாம்.

"நான் அவசரப்படலீங்க சார். அதுதான் முந்திக்கிச்சு."

"சும்னே பேசாதப்பா. மிஷினுக்கு என்ன கிறுக்கா?" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

மிஷினைச் சோதித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று செல்வி அவரிடம் கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. திரையில் அந்த நான்கு வேலைகளும் தமிழில் இருந்தன, நானே வாசித்தேன். இரு பக்கமும் சதுர அடைப்பு. அதை அழித்து வட்ட அடைப்பாகப் போட்டாள். எதற்கு என்றேன்.

"சதுரம்னா லிஸ்டுப்பா. புரோகிராம்ல எந்த வரி வேணாலும் உள்ள பூந்து மாத்திடலாம். வட்டம் போட்டா டூப்பிள். அதுல ஒண்ணும் கை வெக்க முடியாது. வெக்கப் பாத்தா அங்கயே நின்னுடும், எந்த வரின்னு காட்டிக் குடுத்துடும்."

திருடனைப் பிடிக்கப் பொறி வைத்தது போலத்தான். திருடன் யார் வீட்டுக்காரன் என்பதுதான் தெரியவில்லை. பாதிப் புரோகிராம் பெங்களூரில் எழுதியது, பாதி இவளுடையது. வேலை நிரந்தரமாகாத பெண்.

காலையில் செய்ததையெல்லாம் அப்படியே செய்யும்படி முருகேசனிடம் சொன்னாள், கையை மட்டும் உள்ளே விடாமல். ஒரு தகடு சரியாகப் போனது. அடுத்ததும் போனது. மஞ்சுநாத் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்போது முருகேசன், இதையும் காலையில் அழுத்தினேன் என்று உதவிப் பொத்தானை அழுத்தினான்.

எல்லாம் நின்றுவிட்டது.

மிஷினை நிறுத்திய வரியைத் திரை காட்டியது, செல்வி அதைப் படித்தாள். உதவிப் பக்கத்தில் ஆட்கள் தேடிப் பார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அவள்தான் அந்த நான்கு வேலைகளின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொல்லியிருந்தாள். அடுக்கியது தனிப் பிரதியை அல்ல, மிஷின் பார்த்து நடக்கும் அதே லிஸ்டை. உதவியைத் திறந்ததும் வரிசையே மாறிவிட்டது. எனக்குப் பளிச்சென்று புரிந்தது. அ முதலில் வருமே! அழுத்து முன்னால் போய்விட்டது, கதவு பின்னால் போய்விட்டது.

அவள் வாயைத் திறக்காமல் அந்த வரியை மட்டும் திருத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பு எனக்கு வந்தது. அவளுக்கு வந்ததா, தெரியவில்லை.

எழுந்து நின்றாள். "சார், இது என் வரி. முருகேசண்ணன் மேல தப்பில்ல."

மஞ்சுநாத் குனிந்து அந்த வரியைத் தானே பார்த்தார். பிறகு முருகேசனைத் திங்கட்கிழமை வரச் சொன்னார். செல்வியைப் பற்றி முதலாளியிடம் பேச வேண்டும் என்றார், அவ்வளவுதான். அவள் உட்கார்ந்து, டூப்பிளை அப்படியே விட்டுவிட்டு, உதவிப் பக்கத்துக்குத் தனிப் பிரதி எடுத்து அடுக்கினாள். அதன் பிறகுதான் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை என்ன சொல்வார்களோ? நீ இருந்தால் இந்த இரண்டு நாளை எப்படித் தள்ளுவாய்? சொந்தக்காரர்கள் வந்து, அவளை மன்னிப்புக் கேட்டு ஏதாவது மாற்றிச் சொல்லச் சொல் என்பார்கள். வேலை இருந்தாலும் போனாலும், இன்று அவள் சொன்னதை மாற்றிச் சொல் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
நீ கூப்பிட்ட பெயரிலேயே,
செல்வி அப்பா