இடது விளக்கில் கை வைக்காதீர்கள்

அப்பா,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது.

சுவிட்சைப் போட்டால் மூடியோடு மேலெழும் நம் பழைய காரின் முன்விளக்குகளில், இடதுபக்கத்தது பாதி எழுந்து சிக்கி நிற்கிறது. நேற்று மாதிரி சுவிட்சைப் போட்டுவிட்டு இடுக்கில் விரல் விட்டுத் தூக்காதீர்கள். மோட்டார் எப்போது விடுபடும் என்று சொல்ல முடியாது. விடுபட்டால் மூடி சட்டென்று சுழன்று விரலை நசுக்கிவிடும்.

"நைட் ஷிப்டுக்கே பயந்து ஓடி வந்தவன், எனக்குப் பாடம் எடுக்குறியா?" என்று கேட்டீர்கள். அந்தத் தொழிற்சாலையில் சிக்கிய மெஷினில் கை விட்டவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் ஓடி வந்தது அதற்குப் பிறகுதான்.

விளக்கின் ஃபியூஸைக் கழற்றி எடுத்துப் போகிறேன். மாலையில் வந்து நானே மோட்டாரின் குமிழைக் கையால் திருகி விளக்கை ஏற்றுகிறேன்.

பி.கு.: உங்கள் சட்டைப்பையில் புது ஃபியூஸ் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன். ஒன்றுதான் வாங்கினீர்களா, அப்பா?