சந்தேகம் ஏதாவது?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கப் பெரிய பெரிய நாய்களைத் தூக்கி மேஜை மேல் வைத்தால் வலிக்காமல் என்ன செய்யும்? அந்த மிருக ஆஸ்பத்திரியில் உன்னைவிடத் தடியான ஆள் ஒருத்தரும் இல்லையா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கோபம் வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து படி.

அப்பா ரிடையர் ஆனது உனக்குத் தெரியும். கர்னல் பதவிதான் போனது, அதிகாரம் போகவில்லை. ஒரு பட்டாளத்தையே கட்டி மேய்த்த மனுஷனுக்குக் கீழே மிஞ்சியது நான் ஒருத்திதான். செருப்பெல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஃப்ரிட்ஜில் பாட்டில்கள் உயரப்படி நிற்க வேண்டும். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பது எவ்வளவு உண்மை! தாங்க முடியாமல் நான்தான் எங்கேயாவது வேலைக்குப் போய்த் தொலையுங்கள் என்று விரட்டினேன்.

நண்பர் ஒருவர் சொல்லி ஒரு பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தார். கம்பெனி மேனேஜர்களுக்கு, ஆட்களை எப்படி நடத்துவது என்று பயிற்சி கொடுக்கும் கோச் வேலை. கேட்கவா வேண்டும்! புதுச் சட்டை, முகம் பார்க்கிற மாதிரி ஷூ. ஆனால் அங்கே இவருக்கே பாடம் எடுக்க ஒரு அம்மாள் இருந்தார், உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கோச் யோசனை சொல்லக் கூடாது, உத்தரவு போடவே கூடாது, ஒரு கேள்வி கேட்டுவிட்டு எதிராளி பேசும்வரை பொறுமையாக இருக்க வேண்டும் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து தாம்தூம் என்று குதித்தார், வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு ஒரு சம்பளமா என்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அதைத்தானே செய்கிறேன், எனக்கு எவன் தந்தான் என்று கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவருக்குக் கிடைத்த முதல் ஆள் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு மேனேஜர். நல்ல மனுஷனாம், ஆனால் கீழே வேலை பார்க்கிறவர்கள் யாரும் அவரிடம் ஒட்டுவதில்லையாம். அப்பா பத்து நிமிஷத்தில் நோயைக் கண்டுபிடித்து, மருந்தையும் எழுதி, கடைசியில் வழக்கம்போல சந்தேகம் ஏதாவது என்று கேட்டிருக்கிறார். அந்த மனுஷன் தலையை ஆட்டியிருக்கிறார். அடுத்த வாரம் பார்த்தால் சொன்னதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. அதற்கடுத்த வாரம், வேறு கோச் கொடுங்கள், எனக்கு ஏற்கெனவே ஒரு முதலாளி இருக்கிறார் என்று நிறுவனத்துக்கு எழுதியே போட்டுவிட்டார்.

அன்றைக்கு அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷ சர்வீஸில் என்கிட்டேயிருந்து மாத்திக் கொடுங்கன்னு ஒருத்தன் கேட்டதில்லை என்றார். கிண்டல் பண்ண வாயெடுத்தவள், முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். பாவமாக இருந்தது, கண்ணு.

அந்தப் பாடம் எடுக்கும் அம்மாள் அவரை வேலையை விட்டுத் தூக்கவில்லை. வீட்டில் யாரையாவது உட்கார வைத்து, கேட்டுப் பழகிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இன்டர்வியூ மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, உனக்கு என்ன வேணும் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, சரி பண்ண வேண்டும் என்றேன். சடாரென்று எழுந்து ஸ்பானர் எடுக்கப் போய்விட்டார்! சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

அப்புறம் என்ன வேணும் என்று கேட்டார். கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். அவர் கண்ணை எடுக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, சீக்கிரம் சொல்லு என்று சொல்லவில்லை. என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லையடி. எனக்கு என் பொண்ணு வேணும் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குமேல் என்னால் நிறுத்த முடியவில்லை. நீ பட்டாளத்து ஆபீசர் டிரெய்னிங்குக்குப் போவதற்கு முன்னால் உன்னை நிற்க வைத்து, எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்தப் படிப்பு என்று எல்லாம் சொல்லி முடித்து, சந்தேகம் ஏதாவது என்று கேட்டாரே, அதைச் சொன்னேன். மௌனம் சம்மதம் என்று நீங்களாக முடிவு பண்ணிவிட்டீர்கள், அவள் துப்பட்டா நுனியைப் பிய்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன் என்றேன். அவள் டிரெய்னிங்கை விட்டு வந்தபோது, ஓடிப் போனவளுக்கு இங்கே இடமில்லை என்றீர்களே, அவள் எங்கே ஓடினாள், நீங்கள்தானே துரத்தினீர்கள் என்று கத்தினேன். அழுதேன். நன்றாகத்தான் திட்டினேன், வருத்தப்படாதே.

இரண்டு தடவை பேச வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் மூடிக்கொண்டார். நான் அழுது ஓய்ந்த பிறகுதான் ஒன்று சொன்னார். பட்டாளத்துல சந்தேகம் இருந்தா கேட்டே ஆகணும், கேக்காம வெளிய போனா ஆள் உயிரோட திரும்பி வர மாட்டான், அதனால யாரும் பேசலைன்னா எல்லாருக்கும் சரின்னுதான் அர்த்தம், இவளும் அப்படித்தான்னு நினைச்சேன் என்றார். பொய் சொல்லவில்லை, அந்த மனுஷன் நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருக்கிறார். எனக்கு ஆத்திரமும் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

பிறகு, அவ அன்னிக்கு என்ன சொல்ல நினைச்சிருப்பா என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், அவளையே கேளுங்கள் என்றேன்.

பேக்கிங் மேனேஜர் இன்னொரு முறை உட்காரச் சம்மதித்தார் என்பது நல்ல செய்தி. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாராம், அந்த மேனேஜர் மடைதிறந்த மாதிரி பேசினாராம். வீட்டுக்கு வந்த அப்பா மலையேறி இறங்கினவர் மாதிரி அசந்து தூங்கிவிட்டார். குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, அது வேறு கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் நம்பரை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். உன் நம்பர் அவரிடம் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தினமும் போனைக் கையில் எடுக்கிறார், வைத்துவிடுகிறார். துப்பாக்கிக்கு முன்னால் நின்றவருக்கு உன்னைக் கூப்பிடப் பயம்! இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, உன் லீவு நாளில், உன்னைக் கூப்பிடப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

அவரை மன்னித்துவிடு என்று நான் கேட்க மாட்டேன். உனக்கு நேர்ந்தது உனக்குத்தான் தெரியும். உன் பக்கம்தான் நியாயம், அதை யார் முன்னாலும் சொல்வேன். ஒன்றே ஒன்றுதான். அவர் உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. லைன் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. கோபத்தில் இருக்கிறார் என்றும் நினைக்காதே. நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் அவர் அங்கேயேதான் இருப்பார்.

திட்டுவதானால் திட்டு. அழுவதானால் அழு. ஒன்றும் சொல்ல வரவில்லையா, அப்படியே இரு. போனை மட்டும் வைத்துவிடாதே, என் கண்ணு.

நல்லா இரு, நீண்ட ஆயுசோட இரு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா