கத்தலில் மிஞ்சியது

3 ஜூன் 2025, செவ்வாய்

இன்றும் நாலரைக்கு ஆரம்பித்துவிட்டான். செம்பனை எண்ணெய் மில்லிலிருந்து வந்து, பைக்கை நிறுத்தி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் கத்தல். குழம்பில் உப்பு இல்லையாம். நான் நடுச்சுவரில் ஓங்கிக் குத்தினேன். அவனும் அந்தப் பக்கத்திலிருந்து குத்தினான். என் அலமாரியிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது.

லிங்கேஸ்வரன், என் அக்கா புருஷன். மாமா என்று கூப்பிட இப்போதெல்லாம் வாய் வருவதில்லை.

தோட்டம் கைமாறியபோது தொழிலாளர்களுக்குக் கொடுத்த வரிசை வீடு. அப்பா விட்டுப்போன இது எனக்கு, பக்கத்து வீடு அக்காவுக்கு. கூரை ஒன்றுதான், நடுச்சுவர் கூரைவரை ஏறவே இல்லை. அவன் தும்மினால் எனக்குக் கேட்கும்.

அக்கா மோகனாவிடம் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "கத்துவாரு, அப்புறம் அடங்கிருவாரு. வெறும் சத்தம்தான் தனா."

வெறும் சத்தமாம். சத்தத்தை வைத்துச் சோறு தின்கிறவளிடம் சொல்கிறாள்.

5 ஜூன், வியாழன்

எனக்கு அவ்வப்போது வேலை கொடுக்கும் புனிதன் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டான். அவன் கம்பெனி செய்யும் கேமில் குகைக்குள்ளிருந்து ஒரு பூதம் வருகிறதாம், அதற்குக் குரல் வேண்டுமாம். "புலி, சிங்கம் சேம்பிள்லாம் வேணாம் லா. எல்லா கேம்லயும் அதான் இருக்கு. நீ புதுசா கட்டிக் குடு."

சரி என்றேன். பூதம்தான் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறதே.

8 ஜூன், ஞாயிறு

ஏணி போட்டு, நடுச்சுவருக்கு மேலே மைக்கை வைத்தேன். எழுதக் கூசுகிற வார்த்தைகளால் ஒருவன் என் அக்காவைத் திட்டுவதைச் சுத்தமாகப் பதிவு செய்தேன். இடையிடையே மேசையைத் தட்டுகிறான் போலிருக்கிறது. வெட்கமாக இருக்க வேண்டும். இல்லை.

9 ஜூன், திங்கள்

எந்தக் குரலையும் பிரித்துப் போட்டால் சைன் அலைகள்தான். ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டால் வெறும் விசில். எது எப்போது எழுகிறது, எவ்வளவு பலம், எப்போது சாகிறது என்று தெரிந்தால் போதும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி அதே குரலைத் திரும்பக் கட்டிவிடலாம்.

அவனை அறுபது விசிலாக அறுத்துப் போட்டேன். கழுத்தை அறுப்பதாக நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் வெட்டினேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா? அறுபதில் ஒன்றுகூட பூனைக்குட்டியைப் பயமுறுத்தாது. எல்லாவற்றின் சுருதியையும் கீழே இறக்கி, நீட்டி, மறுபடி கூட்டி, புனிதனுக்கு அனுப்பினேன்.

11 ஜூன், புதன்

"நல்லாருக்கு, ஆனா பயமே வரல. என்னமோ மிஸ்ஸிங்" என்கிறான் புனிதன்.

எரிச்சல்தான், ஆனால் அவன் சொல்வது சரி. பதிவிலிருந்து அலைகளையெல்லாம் கழித்தால் கொஞ்சம் மிச்சம் இருக்கும் — மூச்சு, உரசல், தட்டல், எந்த விசிலிலும் அடங்காத குப்பை. அதை நான் தூக்கிப் போட்டிருந்தேன். நாளை எடுத்துக் கேட்க வேண்டும்.

12 ஜூன், வியாழன்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் அந்த மிச்சத்தை மட்டும் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். அவன் குரல் சுத்தமாகப் போய்விட்டது. காற்று மாதிரி ஓர் இரைச்சல். அதில் நீளமாக ஓர் உருவல், பிறகு சப், சப் என்று. என்ன இது என்று மறுபடி போட்டபோது பின்னால் பாத்திரம் விழுந்தது.

மாவுக் கிண்ணத்தோடு வந்த அக்கா, குளிர்பெட்டி ஓரத்தில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள். சட்டை நுனி அவள் பல்லுக்கிடையில்.

நிறுத்தினேன். "அக்கா, அது ஸ்பீக்கர்க்கா."

"பெல்ட்டு" என்றாள். "பேண்ட்லேருந்து உருவுற சத்தம்."

அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தடுக்கவில்லை. முதுகெல்லாம் வரி வரியாக, பழசின் மேல் புதுசு. கொக்கி பட்ட இடங்களில் தோல் பிய்ந்திருந்தது.

"ஏன்கா கத்தல? ஒரு சத்தம் போட்டிருந்தா வந்திருப்பேனே."

"கத்தினா இன்னும் அடிப்பாரு."

அவன் கத்திக்கொண்டே அடித்திருக்கிறான், அடி வெளியே கேட்காதபடி. அவள் துணியைக் கடித்துக்கொண்டு வாங்கியிருக்கிறாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பூதம் செய்திருக்கிறேன்.

விடமாட்டேன். சத்தியமா வெட்டிப்புடுவேன் அவன. செம்பனக் கொல வெட்டுற அப்பா அருவா இன்னும் கொட்டாயிலதான் கெடக்கு.

13 ஜூன், வெள்ளி

அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து பிடுங்கினாள். "நீ ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

போலீசுக்கு வா என்றால் வரமாட்டாள். இங்கே வந்து இரு என்றாலும் மாட்டாள். "செவுத்துக்கு இந்தப் பக்கம் வந்துட்டா மட்டும் விட்டுருவாரா?"

போகும்போது, அவன் குரலை மட்டும் போடச் சொன்னாள். ஒரே ஒரு அலையைப் போட்டேன்.

"இதுவா அவரு?"

"அவர்ல ஒண்ணு. இந்த மாதிரி அறுபது."

மறுபடி போடச் சொன்னாள். "ஜெராம்லேருந்து வர்ற மீன்காரன் ஹாரன் மாதிரி இருக்கு" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு தடவை கேட்டாள்.

15 ஜூன், ஞாயிறு

புனிதனிடம் சொல்லிவிட்டேன், பூதத்துக்கு வேறு ஆளைப் பார் என்று. மைக்கையும் இறக்கிவிட்டேன்.

17 ஜூன், செவ்வாய்

நாலரைக்குப் பைக் வந்தது. கத்தல். நான் கத்தலைக் கேட்கவில்லை, அதற்கு அடியில் கேட்டேன். உருவல் வந்தது. இத்தனை நாளும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் காது இல்லை.

மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் அக்கா கத்தினாள். வார்த்தை எதுவும் இல்லை, கத்தல் மட்டும். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை, சின்ன வயதில்கூட. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கத்தினாள். வரிசை முழுக்கக் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டு இராஜம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

கதவை உதைத்துத் திறந்தேன். அவன் ஒரு கையில் பெல்ட், ஒரு கை அக்கா கழுத்தில். அவள் கண் பிதுங்கியிருந்தது. ஸ்டாண்டின் இரும்பு அடியால் அவன் முழங்கையில் போட்டேன். எலும்பு முறிந்தது கேட்டது. கழுத்திலிருந்த கை கழன்றது. இன்னொன்று போட ஓங்கினேன், இராஜம்மா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "போதும்டி, போதும்டி" என்றார்.

அவன் தரையில் கிடந்து கத்தினான். மீன்காரன் ஹாரன்தான்.

19 ஜூன், வியாழன்

அக்கா புகார் கொடுத்தாள். அவனும் என்மேல் கொடுத்திருக்கிறான். கொடுக்கட்டும். அக்கா கத்தியதைக் கேட்டதாகச் சொல்ல வரிசையிலிருந்து ஏழு பேர் வந்தார்கள்.

6 ஜூலை, ஞாயிறு

அவன் கெர்லிங்கில் அவன் அண்ணன் வீட்டில் இருக்கிறான். இந்தப் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். என் வழக்கு அடுத்த மாதம். அக்கா என்னோடு இருக்கிறாள். கழுத்தில் கறுத்தது மங்கிவிட்டது, குரல் இன்னும் கரகரப்புத்தான்.

இன்று மத்தியானம் சமையல்கட்டில் திடீரென்று வீடே அதிரக் கத்தினாள். நான் ஓடினேன். எனக்கு முன்னால் இராஜம்மா கரண்டியோடு வாசலில் நிற்கிறார், அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர்.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் அக்கா. "பல்லி."