வாசனை தூக்குற மிஷின்

18.1.2025, சனி

பள்ளிக்கூடம் அரை நாள். வீட்டுக்கு வந்தால் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் நிற்கிறார். "ஜூடிம்மா, பைய வெச்சிட்டு வா. ஒரு மிஷின் பாத்துகினு வரலாம்."

கிரைண்டர் என்றுதான் நினைத்தேன். போனஸ் வந்ததும் கிரைண்டர் என்று அம்மா தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். காப்பி மிஷினாம். எஸ்பிரஸ்ஸோ காப்பி போடுகிற மிஷின்! திருவொற்றியூரில், எங்கள் மாடி வீட்டில், மணலி கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற என் அப்பா ஜார்ஜுக்கு!

கடையில் இரண்டு விதம் இருந்தன. ஒன்றில், சின்னக் குப்பியில் அடைத்து விற்கிற தூளைப் போட்டு பட்டனை அமுக்கினால் போதும். இன்னொன்றில், தூளை நாமே வடிகட்டிக் கிண்ணத்தில் கொட்டி, அழுத்தி, கைப்பிடியோடு மிஷினில் பூட்டவேண்டும். வெந்நீர் அழுத்தத்தோடு உள்ளே புகுந்து கெட்டிச் சாறாக இறங்கும். நான் ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். அப்பா ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, இருக்கறதுலயே எதுல வாசனை தூக்கும்?"

கடைக்காரர் ஒரு கப் போட்டுக் கொடுத்தார். அப்பா அதை மூக்குக்குக் கீழே பிடித்துக் கண்ணை மூடினார். ஜெபம் செய்கிறாரோ என்று நினைக்கிற அளவுக்கு நேரம். "இத்த விட ஸ்ட்ராங்கு கீதா?"

"இது பதினஞ்சு பார் சார். இருபது பார்ல ஒண்ணு இருக்கு."

"அத்த எடு."

பார் என்பது அழுத்தத்தின் அளவு, காப்பிக்கு ஒன்பதே போதும் என்று அங்கேயே போனில் படித்துச் சொன்னேன். நான் படித்துச் சொன்னால் எப்போதும் கேட்பவர். இன்று கேட்கவில்லை.

அம்மா அட்டைப்பெட்டியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தாள். "கல்யாண ரிசப்ஷன்ல புஸ்ஸுன்னு நுரை தள்ளி, மேல சாக்லேட் பவுடர் தூவித் தருவானே, அதுக்கா? அப்ப மாவை நான் இன்னா, காலால அரைக்கிறதா?"

19.1.2025, ஞாயிறு

வீட்டில் இருந்த பில்டர் காப்பித் தூளையே போட்டோம். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. மிஷின் உறுமியது. சரி, கழற்றிப் பார்ப்போம் என்று கைப்பிடியைத் திருப்பினேன் — டமார்! சுடுசேறு மாதிரி காப்பி சுவரெல்லாம், காலண்டரெல்லாம், திருஇருதயப் படத்தின் கண்ணாடியெல்லாம். நல்லவேளை, என் மேல் படவில்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். கீழ்வீட்டு பதுருன்னிசா ஆன்ட்டி ஓடிவந்து அம்மாவிடம், "இன்னா ரோசி, சிலிண்டரா?" என்றார்.

குறிப்புப் புத்தகத்தை முதலிலேயே படித்திருக்கவேண்டும். சிக்கரி கலந்த தூள் நனைந்ததும் பசை போல அடைத்துக்கொள்ளுமாம். அழுத்தம் அடங்கும் முன் கைப்பிடியைத் தொடவே கூடாதாம்.

26.1.2025, ஞாயிறு

சிக்கரி இல்லாத தூள் வாங்கி வந்தோம். நூலகத்தில் காப்பி பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. சாறு வேகமாக இறங்கினால் புளிக்கும். மெதுவாக இறங்கினால் கசக்கும். தூளின் நைஸையும் அழுத்துகிற கையையும் மாற்றி மாற்றிப் பார்த்து நடுவழியைப் பிடிக்கவேண்டும். ஆனால் குடித்துப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே! அம்மா டீயைத் தவிர எதையும் தொடமாட்டாள். எனக்கு அரை கப் குடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. எனவே அப்பாதான்.

முதல் கப்: "சூப்பர்மா." இரண்டாவது: "சூப்பர்." மூன்றாவதைத் தண்ணீர் மாதிரி விட்டுவிட்டேன், எனக்கே தெரியும். அதற்கும் "சூப்பர்."

இப்படிப் பாசம் வைத்தால் நான் எப்படிக் கற்றுக்கொள்வது?

2.2.2025, ஞாயிறு

பூசை முடிந்து ஜெரி அண்ணன் வந்தார். அப்பாவோடு ஒரே ஷிப்டு. கம்பெனியில் இருவரும் சேர்ந்துதான் பைப் லைன் ஓரமாக ரவுண்டு போவார்கள். எங்கேயாவது வாயு கசிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அப்பா முன்னால், அவர் பின்னால்.

என் காப்பியை ஒரு வாய் குடித்தார். முகம் எட்டாக மடங்கியது. "இன்னா தங்கச்சி, வேப்பங்கொட்டையா? உன் நைனா இத்தையா சூப்பர்னு சொல்லிகினு கீறாரு?"

அப்பா சிரித்தார். "உனக்கு இன்னாடா தெரியும், டீக்கடை நாக்கு."

"நாக்க வுடுங்கணா, மூக்கு! தங்கச்சி, உன் நைனா மூக்கு கேஸ் மீட்டருக்கே அப்பன். மீட்டர் கத்தறதுக்கு முன்னாடி நிப்பாரு, கைய காட்டுவாரு. அங்க லீக்கு இருக்கும். நான் மீட்டர ஆன் பண்றதே இல்ல."

பெருமையாக இருந்தது. அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். கூச்சம்.

15.2.2025, சனி

எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மிஷினில் இரண்டு நாளாகச் சிவப்பு விளக்கு. எல்லாம் போர் தண்ணீரின் உப்பு. கேன் தண்ணீர் குடிக்க மட்டும் போதும், மிஷின் எப்படியும் கொதிக்கவைக்கும்தானே என்று போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்துவிட்டது. வேதியியலில் படித்ததுதான், அமிலம் போட்டால் கரையும். வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து தொட்டியில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, மீதியை ஊற வைத்தேன். வீடு முழுக்க நெடி. கண் எரிந்தது. கீழேயிருந்து பதுருன்னிசா ஆன்ட்டி கத்தினார்: "ஏ ஜூடி, இன்னா, ஒரு டிரம்மு ஊறுகா போடறியா? ஒரே பேஜாரா கீது!" சொல்லிச் சமாதானம் செய்யக் கீழே போனேன்.

திரும்பி வந்தால் அப்பா ஷிப்டு முடிந்து வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கப். தானே தூள் போட்டு, தானே பட்டனை அமுக்கி—

பாதிக்கு மேல் குடித்துவிட்டார்.

"அப்பா!" என்றேன்.

"இன்னாம்மா? கொஞ்சம் புளிப்பு தூக்கலாத்தான் கீது. நீதான சொன்ன, வேகமா எறங்குனா புளிக்கும்னு. கத்துகினேன் பாத்தியா?"

சிரித்தார். அந்த நெடிக்குள் உட்கார்ந்துகொண்டு.

"அப்பா, இங்க என்ன வாசனை வருது?"

சிரிப்பு நின்றது. சுற்றிலும் பார்த்தார். ஜன்னலை, அடுப்பை, என் முகத்தை. பாடம் படிக்காத பையன் கரும்பலகையைப் பார்ப்பது போல. "காப்பி வாசனதான்" என்றார்.

16.2.2025, ஞாயிறு

ஆகஸ்டில் வந்த காய்ச்சலோடு அப்பாவுக்கு வாசனை உணர்வே போயிருக்கிறது. மீன் இல்லை, மல்லி இல்லை, சாம்பிராணி இல்லை, என் தலைமுடி இல்லை. எதற்கும் வாசனை இல்லை. நாக்கில் உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு மட்டும் மிச்சம். ஏதாவது ஒன்று இந்த அடைப்பை உடைத்துக்கொண்டு போகாதா என்றுதான் மிஷின் வாங்கினாராம். காப்பிதான் உலகத்திலேயே வாசனையான பொருள் என்று நினைத்தாராம். நான் பார் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்!

"ஜெரி அண்ணன் உங்க மூக்கை நம்பித்தானப்பா பின்னாடி வர்றார்?"

"மீட்டர் வெச்சிகினு கீறேன்மா. சட்டைக்குள்ள. சத்தத்த அமுக்கி வெச்சிட்டு, விளக்கு எரிஞ்சா மோந்து பாக்கற மாதிரி நிப்பேன். அவ்ளோதான். யார்கிட்டயும் சொல்லாத. மூக்கு இல்லாதவன எவன் ரவுண்டுக்கு வுடுவான்? கேட் பாஸ புடுங்கிடுவான்."

நடிக்கிறார்! என் அப்பா ஆறு மாதமாக மோந்து பார்ப்பதுபோல நடிக்கிறார்.

மீட்டர் இல்லாமல் ஒரு அடி வைப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். பிறகு அம்மாவிடம் ஓடினேன். அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கெட்டுப்போன எறா தொக்க வழிச்சி வழிச்சி துன்னாரு. அன்னிலேர்ந்து."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா? நீ படிக்க வேணாமா?"

இந்த வீட்டில் யாரை எனக்குத் தெரியும்?

19.2.2025, புதன்

ரசாயனப் புத்தகத்தில் வாயுக்கள் பாடம். 'அழுகிய முட்டை வாசனை', 'காரமான நெடி', 'மூச்சு முட்டும் நெடி'. ஒவ்வொரு வரியும் அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. மூடி வைத்துவிட்டேன்.

23.2.2025, ஞாயிறு

நான் சொல்லிவிட்டேன்.

ஜெரி அண்ணன் வந்திருந்தார். அப்பா ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தார். நான் தூளை அழுத்திக்கொண்டிருந்தபோது ஜெரி அண்ணன் பாட்டுக்குச் சொன்னார்: "நேத்து நைட்டு செம கூத்து தங்கச்சி. உன் நைனா மீட்டர் சார்ஜ் இல்லாம செத்துப்போச்சு. என்னுத நான் எப்பவும் போல லாக்கர்லயே வெச்சிட்டேன். ஸ்டோருக்குப் போயி வேற வாங்கலாம்னேன். அவ்ளோ தூரம் எதுக்குடா, நான் கீறேன் வா-ன்னு கூப்டுகினு போய்ட்டாரு. முழு ரவுண்டும் மூக்குலயே!"

தூளோடு கைப்பிடி கையிலிருந்து நழுவியது. நான் குனிந்து பொறுக்கவில்லை.

"அப்பாவுக்கு வாசனையே தெரியாதுண்ணா. ஆகஸ்ட்லேர்ந்து."

முதலில் சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். கதைகளில் படித்திருக்கிறேன். உண்மையிலேயே அப்படி இறங்கும் என்று தெரியாது.

அப்பா ரொட்டியோடு உள்ளே வந்தார்.

"ணா, நேத்து அந்த வால்வு கிட்ட நின்னு கைய ஆட்டி, வா வா-ன்னியே. இன்னா தைரியத்துல கூப்ட்ட?"

அப்பா என்னைத்தான் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சார்ஜ் இல்லன்னு எழுதிக் குடுத்தா ஏன் கவனிக்கலன்னு கேப்பான்டா" என்றார், கடைசியில். "ஸ்டோர் வரைக்கும் போனா சூப்பர்வைசர் நிப்பான். பயம். ஒரு ராத்திரிதானேன்னு—"

"எனக்கும் பொண்டாட்டி கீறா ணா. நீயே போயி சொல்லு. நான் போட்டுக் குடுக்க மாட்டேன். ஆனா உன் பின்னாடி இனிமே ஒரு அடி வெக்க மாட்டேன்."

ரொட்டியை யாரும் தொடவில்லை.

24.2.2025, திங்கள்

அப்பா என்னிடம் பேசவில்லை.

5.3.2025, சாம்பல் புதன்

மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். மூன்று நெற்றியிலும் சாம்பல். அப்பா பத்து நாளாக உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு வீட்டிலேயே இருக்கிறார். மிஷின் மேல் அம்மா துண்டு போர்த்தி வைத்திருக்கிறாள், இறந்தவர் முகத்தை மூடுவது போல.

நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். பிறகு ஏன் அப்பா வீட்டில் இருக்கும்போது மாடிப்படியில் போய் உட்கார்ந்து படிக்கிறேன்?

8.3.2025, சனி

அப்பா கம்பெனியில் சொல்லிவிட்டாராம்! ஜெரி அண்ணனே வண்டியில் வந்து கூட்டிப்போனார். அம்மா காலையிலிருந்து ஜெபமாலையை விடவில்லை. மத்தியானம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "ரவுண்டு கெடையாது. எடை மேடைல லாரிக்கு சீட்டு போடணும். பகல் வேல மட்டும். ஓவர்டைம்லாம் மறந்துடு." அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். துரத்திவிடவில்லை என்பதற்காக அழுதாளா, வருமானம் குறைந்ததற்காக அழுதாளா, கேட்கவில்லை. ஜெரி அண்ணன் இப்போது மீட்டரைக் கழுத்திலேயே மாட்டிக்கொள்கிறாராம்.

என் பக்கம் அப்பா திரும்பவில்லை.

22.3.2025, சனி

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். மாத்திரை ஒன்றும் இல்லையாம்! தினமும் காலையில் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம் என்று ஒவ்வொன்றாக மோந்து, அதன் வாசனையை மனதில் நினைத்துப் பார்க்கவேண்டுமாம். வரலாம், வராமலும் போகலாம். நான்காவதாக நானே காப்பியைச் சேர்த்தேன். துண்டை எடுத்து, மிஷினைத் துடைத்து, இந்த முறை கேன் தண்ணீர் ஊற்றினேன்.

30.4.2025, புதன்

இன்றும் கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. தைலம்: கண் எரிகிறது, வாசனை இல்லை. காப்பி: இல்லை. தலையை மட்டும்தான் ஆட்டுகிறார். இதுதான் எங்களுக்குள் பேச்சு.

14.6.2025, சனி

காலையில் போட்ட காப்பி, நான் இதுவரை போட்டதிலேயே நல்ல காப்பி. தேன் மாதிரி, மெல்லிய வாலாக, நிற்காமல் இறங்கியது. மேலே செம்பழுப்பு நுரை. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. புத்தகத்தில் இருந்தது பொய் இல்லை! ஆசையோடு அப்பா முன்னால் வைத்தேன். கண்ணை மூடிக் குனிந்தார்.

அடுத்த நொடி நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஐய! இன்னாம்மா இது, டயர் எரியிற மாதிரி நாறுது! கலீஜ்! எடு, தூர எடு!" மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

நான் கப்போடு அப்படியே நின்றேன். என் மிகச் சிறந்த காப்பி! அதற்குப் பிறகுதான் உறைத்தது. அம்மாவுக்கும் அதே நேரத்தில் உறைத்திருக்கவேண்டும். கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னான்னீங்க? நாறுதா? ஏங்க, திரும்ப சொல்லுங்க, நாறுதா?"

"நாறுதுடி!"

அம்மா ஓவென்று அழுதாள்.

டாக்டரிடம் ஓடினோம். அவர் கைதட்டாத குறை. நரம்பு திரும்ப முளைக்கும்போது முதலில் தாறுமாறாகத்தான் சொல்லுமாம். காப்பிதான் பலருக்கு முதலில் நாறுமாம். சரியாக மாதங்கள் ஆகலாம், முழுக்கச் சரியாகாமலும் போகலாம். அதுவரை காப்பிப் பக்கமே போகவேண்டாம் என்றார்.

மிஷினைப் பழைய பெட்டியில் வைத்துக் கட்டினேன். பதுருன்னிசா ஆன்ட்டி வீட்டுப் பரண்மேல் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அம்மா பேசி முடித்துவிட்டாள். நான் படி இறங்கும்போது அப்பா மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, துண்டால் மூக்கை மூடிக்கொண்டு கத்தினார். பிப்ரவரிக்குப் பிறகு என் பெயரை இன்றுதான் சொல்கிறார்.

"ஜூடிம்மா, சீக்கிரம் எடுத்துகினு போம்மா! இங்க வரைக்கும் வருது!"