அடக்கம் என்றார்கள்

அக்கா,

இன்று காலை கொடியில் பள்ளிச் சீருடைக்குப் பக்கத்தில் முகக்கவசங்கள் காய்ந்துகொண்டிருந்தன. நோய்க்காலம் போய் எத்தனையோ வருசமாயிற்று; கூடலூரில் இப்போது யாரும் போடுவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என் மகள் மட்டும் போடுகிறாள். தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம். என் ஏலக்காய்க் கடை மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு என்ன தூசி?

வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா அவளைப் பார்த்து, “ஆத்தாடி, எம்புட்டு அடக்கம்! சிரிச்சாக்கூட வாயப் பொத்திக்கிறா. அப்படியே அவ அத்தைதான்” என்று உன்னைச் சொன்னாள். கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அவளைப் போலவே உனக்கும் முன்பற்கள் தூக்கல். வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை, பள்ளியில் பேசினார்கள். “ஏலே, துருவி வருதுடா, தேங்காயக் கொண்டாங்க!” கீழ் வகுப்பில் இருந்த எனக்கும் கேட்கும். அதற்கு முன்பெல்லாம் நீ சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். பிறகு தாவணி முனை வாய்க்கு ஏறிவிட்டது. வகுப்பில் வாசிக்க எழுப்பினால் தலைவலி என்று உட்கார்ந்துவிடுவாய். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி, பத்தாவதோடு நின்றாய். ஒருநாள் என்னிடம் கேட்டாய்: “தம்பி, நான் பேசுறப்ப சனம் என் கண்ணப் பாக்குதா, பல்லப் பாக்குதா?”

பெண் பார்க்க வந்தவர்களோ, “பொண்ணு வாயே தெறக்கல, நல்ல அடக்கம்” என்று மகிழ்ந்து தட்டு மாற்றினார்கள். போன மாசியில் நீ போனபோது அஞ்சலி பேனருக்குப் படம் தேடினோம். எல்லாவற்றிலும் வாய்மேல் கை, இல்லாவிட்டால் முந்தானை. “அண்ணே, முகம் முழுசாத் தெரியுற மாதிரி ஒண்ணுகூட இல்லையா?” என்றார் பேனர் கடைக்காரர். ஆதார் அட்டைப் படத்தைக் கொடுத்தோம். அதிலும் உதட்டை இறுக்கித்தான் வைத்திருந்தாய்.

ஒரு சரக்கு கைக்கு வந்து சேர ஆன மொத்தச் செலவுக்கு எங்கள் தொழிலில் அடக்கம் என்று பெயர். உன் அடக்கத்துக்கு என்ன அடக்கம் ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை, அக்கா.

சாயங்காலம் மகள் வந்ததும் நேராகவே கேட்டேன். “ஒன்னய என்ன சொல்லிக் கூப்பிடுறாளுக?”

முகக்கவசத்தைக் கழற்றாமலே, “ஜேசிபி” என்றாள். “மண்ணு தோண்டுற வண்டிப் பல்லாம். என் போட்டோவ ஸ்டிக்கராப் போட்டு குரூப்புல சுத்த விடுறாளுகப்பா.”

எனக்கு எதையும் உடனே முடிக்க வேண்டும். “நாளைக்கே தேனிக்குப் போயி பல்லுக்குக் கம்பி கட்டிருவோம்” என்றேன்.

“அப்ப என் பல்லுதான் தப்புன்னு நீங்களும் சொல்றீகளா?”

பள்ளிக்கு வந்து பேசவா என்றேன். “வராதீக. இன்னும் சிரிப்பாளுக.” பிறகு அவளே கேட்டாள்: “அத்தையையும் இப்படித்தான் சொன்னாகளா? அத்தை என்ன செஞ்சாக?”

மறைக்க என்ன இருக்கிறது? “மூடிக்கிட்டாக. சாகுற வரைக்கும்” என்றேன்.

முடிவாகச் சொன்னாள்: “சரி, நாளைக்கு வாங்க. ஆனா டீச்சர்கிட்ட நான்தான் பேசுவேன். நீங்க குறுக்க வரக் கூடாது.”

காலையில் குமுளியிலிருந்து சரக்கு வருகிறது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். கண்ணையா, பல்லையா என்று நீ கேட்ட கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. அது இன்னும் என்னிடமே கிடக்கிறது. நாளை அவள் பேசும்போது டீச்சர் எதைப் பார்ப்பாரோ, பாதியில் அவள் குரல் நின்றுவிட்டால் குறுக்கே போகாமல் நான் எப்படி நிற்பேனோ, தெரியவில்லை அக்கா.