வலது பக்கம் காலியாக இருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படித்தான் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை நான் சுகம் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் பேசாமல் இவள் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். நம் வீட்டு அளவு உனக்குத் தெரியும், சமையலறையில் ஸ்பூன் விழுந்தால் குளியலறையிலிருந்து என்ன சத்தம் என்று கேள்வி வரும். அப்பாவுக்கு இப்போது காது முன்னைவிடக் கூர்மை. அதோடு முப்பத்திரண்டு வருஷம் பதிவுத் தபால் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான், முக்கியமான விஷயத்தை எழுதி அனுப்பி, வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சொன்ன மாதிரியே இருக்கும்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. வலது கண்ணில் நடுப்பார்வை போயே விட்டது, இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. ஓரத்தில் இருப்பது தெரிகிறது, நேராகப் பார்த்தால் அந்த இடம் மட்டும் அழுக்குக் கையால் துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். கோழி பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கிறார், முதலில் ஏதோ கோபம் என்று நானும் பதிலுக்கு முறைத்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள்ளேயே மூன்று முறை ஊசி போட்டாயிற்று. கண் டாக்டர் நல்ல மனுஷி, சுற்றி வளைக்காமல் "இருக்கிறதைக் கொஞ்ச நாள் காப்பாத்திப் பாக்கலாம், போனதைக் கேக்காதீங்கம்மா" என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்டேன், என் கையைப் பிடித்துக்கொண்டார், அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு காகிதத்தைக் கொடுத்து, தினமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும், கோடு வளைந்து தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். தினமும் பார்த்துவிட்டு நேராத்தான் இருக்கு என்கிறார். போன வாரம் ஜன்னல் கம்பியை யார் வளைத்தது என்று என்னிடம் சண்டை. கம்பி நேராகத்தான் இருக்கிறது பாப்பா. உன்னிடம் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், வாய் திறக்கவில்லை, எழுதுகிறேன்.

இப்போது உன் விமானத்துக்கு வருகிறேன். நீ எனக்கு அனுப்பிய பார்சலுக்குள், நீ செய்த கம்ப்யூட்டர் விமானம் இருக்கிற ஒரு பென் டிரைவையும், அப்பாவுக்கு நேரம் இருந்தால் பார்க்கச் சொல் என்று ஒரு துண்டுச் சீட்டையும் வைத்திருந்தாய் அல்லவா. ஆறு வருஷமாக என் போனில் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறவள் இவ்வளவு தூரம் இறங்கி வந்தாளே என்று எனக்குச் சந்தோஷம். அவர் பதினோரு நாள் அதை ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் தானாகவே கம்ப்யூட்டர்காரரை வரச் சொல்லி, உன் அறையில் துணி தேய்க்கும் மேஜையைத் தள்ளிவிட்டு, பெரிய திரை, ஸ்டியரிங் மாதிரி ஒன்று, காலால் மிதிக்க இரண்டு கட்டை எல்லாம் வைத்துவிட்டார். திரையில் அந்த மூன்று இன்ஜின் விமானம் வந்து நின்றதும், வாலில் எழுதியிருந்த எண்ணைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். பைலட்டுகளுக்குப் பின்னால் இன்ஜினியராக அவர் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து போன அதே விமானத்தின் எண். அதை உடைத்துப் பழைய இரும்பாக விற்ற அன்று அவர் சாப்பிடவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும், நீ எட்டாம் வகுப்பு. என் பொண்ணு பொம்மை செய்யறா என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்ன மனுஷன், அன்று ஒரு மணி நேரம் திரையைவிட்டு நகரவில்லை. நீ படிப்பைக் கடைசி வருஷத்தில் விட்டுவிட்டு இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் வேலைக்குப் போனதற்கு அவர் பேசியது தப்பு, நீ அதைக் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்தியதும் தப்பு, இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தலையால் தண்ணீர் குடிக்கிறேன்.

ஆனால் விமானம் இன்னும் தரையைவிட்டுக் கிளம்பவில்லை. மூன்று மாதமாகிறது. காலைப் பலகாரம் முடிந்ததும் போய் உட்காருவார், ஒவ்வொரு சுவிட்சாகச் சத்தமாகப் பேர் சொல்லிப் பார்ப்பார், ஒன்பது மணிக்கு மூன்று இன்ஜினையும் ஓடவிடுவார், வீடே உறுமும், சமையலறையில் டம்ளரெல்லாம் ஒன்றோடொன்று பேசும். இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பார். பிறகு ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். பயணிகளுக்குத் தண்ணியாவது கொடுத்தீங்களா என்று ஒரு நாள் கேலி செய்தேன், சிரிக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. மேஜைமேல் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். இடது பக்கம் விமானத்தில் என்ன குறை என்று ஓட்டுகிறவர்கள் எழுத வேண்டும், வலது பக்கம் தரையில் வேலை செய்கிறவர் வந்து பார்த்து, என்ன சரி செய்தேன் என்று எழுதி, லைசென்ஸ் எண்ணோடு கையெழுத்துப் போட வேண்டும். வலது பக்கம் காலியாக இருந்தால் உள்ளே யார் உட்கார்ந்திருந்தாலும் விமானம் நகராது. அவர் இடது பக்கத்தில் ஏழு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் எழுதி நோட்டை சீட்டில் வைத்துவிட்டு வந்தால் அவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்களாம். இங்கே யார் வருவார் சொல். பாப்பாவுக்கு போன் பண்ணிச் சொல்லுங்களேன் என்றேன். "எழுதறதுதான் என் வேலை, வந்து பாக்கறது அவங்க வேலை" என்கிறார். உன் அறையில், உன் மேஜையில், அந்த நோட்டைத் தினமும் திறந்து வைத்துவிட்டு வருகிறார், நீ எங்கேயோ சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய்.

அந்த ஏழையும் பார்த்து எழுதியிருக்கிறேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை, உனக்குப் புரியும். இரண்டாவது இன்ஜின் எண்ணெய்ச் சூட்டு முள் எடுத்ததும் குதிக்கிறது, மெதுவாக ஏற வேண்டும். தீ எச்சரிக்கை மணி பள்ளிக்கூட மணி மாதிரி இருக்கிறது. எரிபொருளை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் குமிழ் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இன்ஜினியர் மேஜை விளக்கு எரியவில்லை. மூன்றாவது ஜெனரேட்டரை நிறுத்தினாலும் பச்சை விளக்கு அணையவில்லை. இன்ஜினியர் நாற்காலியின் இடது கைப்பிடி கிழிந்து டேப் ஒட்டியிருக்க வேண்டும், புதிதாக இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழாவதைப் படித்தபோது வரவில்லை. "இன்ஜினியர் இருக்கையில் ஆள் இல்லை. எல்லாம் தானாக நடக்கிறது." பைலட் இடத்தில் இவர் உட்கார்ந்தால் பின்னால் சுவர் முழுக்க இருக்கும் முள்ளும் விளக்கும் தானாகவே வேலை செய்துகொள்கிறதாம், இவர் தன் நாற்காலிக்குப் போனால் முன்னால் ஓட்ட ஆள் இல்லையாம்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கண் இருக்கும்போதே ஒரு தடவையாவது பறந்துவிடட்டும் என்று, அவர் குளிக்கப் போயிருந்த சமயம் உன் பழைய கல்லூரி விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழு இடத்திலும் உன் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அடுத்தவர் கையெழுத்தை ஒத்துப் பார்த்தே வயசானவள், போட்டது அது ஒன்றுதான், நன்றாகவே வந்திருந்தது. அவர் நோட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஓரக்கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார். "ஏழாவதுக்கு யாரை உக்கார வெச்சே?" என்றார். "சரி பண்ணாம கையெழுத்துப் போட்டா ஆள் செத்துப் போவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்து, அடுத்த பக்கத்தில் ஏழையும் மறுபடி எழுதினார். அதை எழுத அவருக்கு ஒரு காலை முழுவதும் ஆயிற்று. எழுத்து கோட்டைவிட்டு இறங்கி இறங்கிப் போயிருந்தது. அழுகையாக வந்தது, டம்ளர் கழுவுகிற சாக்கில் அழுதேன். ஊசிக்குக் கூட்டிப் போகலாம், சொட்டு மருந்து விடலாம், ஷூ லேஸ் கட்டிவிடலாம், இந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் ஆகிற காரியம் எதுவுமே இல்லை.

உனக்கு லீவும் விசாக் காகிதங்களும் அடுத்த வருஷத்துக்கு முன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாய், ஓடி வா என்று நான் எழுதவில்லை, வந்தாலும் கண் திரும்பப் போவதில்லை. கம்ப்யூட்டர்காரர் ஒன்று சொன்னார். இரண்டு ஊரில் இருக்கிற இரண்டு பேர் ஒரே விமானத்தில் ஏறி, ஒருத்தர் முன்னால் ஓட்ட, ஒருத்தர் பின்னால் முள்ளைப் பார்த்துக்கொள்ளலாமாம். உன் விமானத்தில் அந்த வசதி வைத்திருக்கிறாயா, வைக்க முடியுமா, எனக்குத் தெரியாது. முடியாது என்றால் அதையாவது அவருக்கு எழுது.

இவ்வளவும் எழுதி முடித்து, ஏழும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க நோட்டை எடுத்து வந்தேன். இன்று காலை எட்டாவது ஒன்று எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன். இடது பக்கம்: "முள் எல்லாம் வளைந்து தெரிகிறது. விமானத்தில் குறை இல்லை. இன்ஜினியரிடம்." இதற்கு மட்டும் வலது பக்கமும் அவரே எழுதிவிட்டார். "பார்க்கப்பட்டது. சரி செய்ய இயலாது." கீழே அவருடைய பழைய லைசென்ஸ் எண், தேதி, கையெழுத்து. என்னிடம் இன்றைக்கும் கோடு நேராத்தான் இருக்கு என்றுதான் சொன்னார்.

எட்டாவது முடிந்துவிட்டது பாப்பா. மற்ற ஏழும் உன்னுடையது.

நீயும் நாள் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே, இது பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னார், இந்த வாரமே போய்க் கண்ணைக் காட்டு, ஆகட்டும் என்று சொல்லி ஏமாற்றாதே. கட்டம் போட்ட காகிதம் ஒன்று கூடவே வைத்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும், இரண்டு பேர் தலையிலும் கை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டு இதை வாங்கிக்கொள். இங்கே ஒன்பது மணி என்றால் உனக்கு எத்தனை மணி என்று பார்த்து வைத்துக்கொள். மூன்று இன்ஜினும் ஓடிக்கொண்டிருக்கும், இருபது நிமிஷம் காத்திருப்பார்.

உன் அம்மா